ஒரு படத்தை ஒட்டுங்கள், இன்னொன்றை விட்டுவிடுங்கள்

ராயபுரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு படங்கள். ஒன்று அவருடைய அப்பா 1987-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். காசிமேட்டுப் படகுகள், இரண்டடிக்கு மூன்றடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் வீட்டுக்குள் வந்து படத்தின் கீழ்ப்பக்கம் நனைந்துவிட்டது. சட்டம் முறுக்கிக்கொண்டது, துணி தொளதொளவென்று தொங்குகிறது. இன்னொன்று அவர் மகள் போன வருஷம் அக்ரிலிக்கில் வரைந்தது. அதே அளவு, சட்டமே இல்லை, சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறார்கள். "இரண்டையும் ப்ளைவுட்டில் ஃபெவிகால் தடவி ஒட்டிவிட்டால் விறைப்பாக நிற்குமே, செய்யலாமா?" என்பது கேள்வி.

மகள் படத்தை ஒட்டலாம். அப்பா படத்தை ஒட்டாதீர்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிரேம் போடுகிறவன். அதற்கு முன்னால், சினிமாவுக்கும் கட்சிக்கும் கையால் பேனர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஆர்ட்டிஸ்டுகளுக்குத் துணி இழுத்துக் கட்டி, வஜ்ஜிரம் என்கிற தோல் பசையைக் காய்ச்சி, சாக் பவுடர் கலந்து பூசிக்கொடுக்கும் பையனாக இருந்தேன். துணியும் பலகையும் பசையும் எப்படிச் சண்டை போடும் என்பது அப்போது கற்றது. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போயிற்று, கற்றது போகவில்லை.

துணியைப் பலகையில் ஒட்டுவது நமக்குப் புதிதில்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றே ஒரு பெயர் உண்டு. பலாப்பலகையில் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியைப் பசையோடு குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அப்புறம்தான் கோடு, கல், தங்கத்தாள், வண்ணம். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு எதிர்த்திசையில் போனார்கள். துணியில் வரைந்து முடித்துவிட்டுச் சுவரிலோ பலகையிலோ ஒட்டுவார்கள், மரூஃப்ளாஜ் என்று பெயர். பாரிஸ் பாந்தியோன் மண்டபத்தில் சுவரோவியம் போலத் தெரிகிற பெரிய படங்கள் பல அப்படி ஒட்டிய துணிகள்தான்.

தஞ்சாவூர்க்காரர் ஒட்டும்போது துணியில் ஒரு சொட்டு வண்ணம்கூட இருக்காது. துணி சுருங்கட்டும், நீளட்டும், பலகையோடு ஒரு சமாதானத்துக்கு வந்த பிறகுதான் அதன்மேல் படம் ஏறுகிறது. நீங்கள் செய்ய நினைப்பதில் படம் ஏற்கெனவே ஏறிவிட்டது. பசையின் ஈரம் பட்டதும் துணி என்ன ஆட்டம் ஆடினாலும் அதைத் தாங்க வேண்டியது வண்ணம்.

பருத்தி இழை ஈரம் குடித்தால் பருக்கும். இழை பருத்தால் நெசவின் வளைவுகள் கூடி, துணியின் நீள அகலம் குறையும். புது வேட்டி முதல் தண்ணீரில் சுருங்குகிற கதைதான். அக்ரிலிக் வண்ணம் ரப்பர் போல, கொஞ்சம் கூடவே இழுபடும். முப்பது நாற்பது வருஷம் காய்ந்த எண்ணெய் வண்ணம் அப்பளம். அடியில் துணி சுருங்கினால் அதற்கு இடம் போதாது. நடுவில் எழும்பிக் கூரை கட்டிக்கொள்ளும். அப்புறம் உதிரும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கடை திறந்த புதிதில் ஒரு பெரியவர் பாய்மரக் கப்பல் படம் ஒன்று கொண்டுவந்தார். பழைய எண்ணெய் ஓவியம், துணி தொங்கியிருந்தது. நான் பெரிய தைரியசாலி போல ப்ளைவுட்டில் மரப்பசையைத் தடவி, படத்தைப் போட்டு, மேலே பலகை வைத்து, அதன்மேல் இரண்டு அரிசி மூட்டையும் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எடுத்துப் பார்த்தால் வானம் முழுக்கச் சின்னச் சின்னக் கூரைகள். விரல் பட்ட இடத்தில் நீலம் செதிலாக வந்தது. தூரிகை தடித்து நின்ற அலைகளெல்லாம் மூட்டையின் எடையில் தட்டையாகிப் போயிருந்தன. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பிரேமுக்குக் காசு கொடுக்கவா என்று கேட்டார். அதற்குப் பிறகு பழைய எண்ணெய்ப் படத்தில் நான் பசை வைத்ததில்லை.

வெளிநாட்டிலும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். பழைய படம் தளர்ந்தால் பின்னால் இன்னொரு துணியை ஒட்டுவது ஐரோப்பாவில் நெடுங்கால வழக்கம். மாவுப்பசையும் வஜ்ஜிரமும் ஒரு வழி. 19-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கி இஸ்திரிப் பெட்டியால் ஏற்றினார்கள். மெழுகு ஏறிய துணி கறுத்தது. ஊறிப்போனதை முழுதாக எடுக்கவும் முடியவில்லை. 1974-இல் லண்டன் கிரீனிச்சில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடி, இந்த ஒட்டுகிற வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்து யோசிப்போம் என்கிற பேச்சு எழுந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் கஸ்டவ் பெர்கர் என்பவர் பீவா 371 என்கிற பசையை உருவாக்கியிருந்தார். தண்ணீரே இல்லாத பசை, சுமார் 65 டிகிரி சூட்டில் பிடிக்கும், திரும்பச் சூடு காட்டினால் விட்டுவிடும். இன்றைக்கும் ஓவியப் பாதுகாப்பு வேலை செய்பவர்கள் கையில் அது உண்டு. அதற்காக நீங்கள் அதை வாங்கி வீட்டு இஸ்திரிப் பெட்டியோடு இறங்க வேண்டாம். வீட்டுப் பெட்டியில் 65 டிகிரி என்று ஒரு புள்ளி கிடையாது. சில்க், காட்டன் என்றுதான் இருக்கும்.

சரி, அப்பா படத்தை என்ன செய்வது?

முதலில் படத்தை மேசையில் மல்லாக்க வைத்து, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது வண்ணம் எழும்பியோ உதிர்ந்தோ இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயிலில் காய வைப்பது, ஈரத்துணியால் துடைப்பது, டெட்டால் தடவுவது எதுவும் வேண்டாம். வெள்ளத்தில் நனைந்த துணியில் பூஞ்சை இருக்கும், ஆகவே மூக்கில் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். எழும்பிய வண்ணத்தைப் படிய வைப்பது பயிற்சி பெற்றவர் வேலை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளின் அரிப்பைக் குணப்படுத்துவதற்காக 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள். ராயபுரத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். படத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், நல்ல போட்டோ நான்கைந்து எடுத்துக்கொண்டு போய் யாரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள்.

வண்ணம் கெட்டியாகத்தான் இருக்கிறது, துணி மட்டும் தளர்ந்திருக்கிறது என்றால் பசையில்லாத வழி ஒன்று இருக்கிறது. முறுக்கிய சட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூலையில் ஆப்பு வைத்த புதுச் சட்டம் செய்யச் சொல்லுங்கள். ஆப்பை லேசாகத் தட்டினால் சட்டம் ஒரு நூல் விரிந்து துணி இறுகும். அந்தச் சட்டத்தில் முதலில் ஒரு புதுக் கேன்வாஸை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன்மேல் அப்பாவின் படத்தைச் சும்மா போர்த்தி ஓரத்தில் மட்டும் அடிப்பது. பழைய துணியைப் புதுத் துணி முதுகில் தாங்கிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் ஒட்டு கிடையாது. பிறகு சட்டத்தின் பின்புறம் ஒரு மெல்லிய பலகையை ஸ்க்ரூ போட்டு மூடிவிடுங்கள். நீங்கள் கேட்ட பலகை வந்துவிட்டது பாருங்கள், ஒட்டாமலே. காற்றின் ஈரம் சட்டென்று துணியை அடையாது, கதவை அறைந்து சாத்தினால் துணி அதிராது, பின்னால் பல்லி முட்டையிடாது. புதுக் கேன்வாஸின்மேல் போர்த்தும் முன்பே அப்பா படத்தின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். அப்பா தேதியோ பேரோ எழுதியிருப்பார். பலகையில் ஒட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இனி மகள் படம்.

பலகை வாங்குவதில்தான் பாதி விஷயம். நம் பகுதியில் கடற்காற்று. மேற்கே இருப்பவர்களுக்கு மூன்று வருஷம் நிற்கிற பலகை நமக்கு ஒரு மழையில் வாய் பிளக்கும். எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, வழவழப்பாக இருக்கிறது என்று கை போகும். அதன் ஓரத்தில் ஈரம் புகுந்தால் நனைந்த பிஸ்கட் மாதிரி உப்பிவிடும், கனமும் அதிகம். ஹார்ட்போர்டு ஒரு அடிக்கு ஒரு அடி படத்துக்குச் சரி, மூன்றடிக்கு வளைந்துவிடும். ப்ளைவுட் என்றால் சாதாரணக் கமர்ஷியல் ப்ளைக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 303, ஈரம் தாங்கும் மரைன் ப்ளைக்கு ஐ.எஸ். 710. முத்திரை பலகையிலேயே இருக்கும், பார்த்து 710 வாங்குங்கள். 6 மில்லிமீட்டர் போதும். இரண்டுக்கு மூன்றடி ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். கடையிலேயே அதைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் இடம் இடமாகத் தட்டுங்கள். டொக் டொக் என்று ஒரே சத்தமாக வர வேண்டும். நடுவில் எங்காவது டொப் என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே அடுக்கில் இடைவெளி. வேறு எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

நேம் போர்டு செய்பவர்களிடம் ஏ.சி.பி. ஷீட்டின் வெட்டுத்துண்டு கிடைக்கும். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக். தண்ணீர் குடிக்காது, வளையாது, கறையான் தொடாது. பலகையாகப் பார்த்தால் எனக்கு இதுதான் முதல் விருப்பம். ஆனால் பசையின் தண்ணீரை அது உறிஞ்சாது. மேலே அக்ரிலிக் படமும் தண்ணீரை வெளியே விடாது. நடுவில் மாட்டிக்கொண்ட ஈரம் காய வாரக்கணக்காகும், கொப்புளம் வரும். முதல்முறை செய்பவருக்கு ப்ளைவுட்தான் நல்லது.

வெறும் மரத்தில் நேராக ஒட்டக் கூடாது. மரம் காலாகாலத்துக்கும் கொஞ்சம் அமிலம் கசியும், பழுப்புக் கறையும் விடும். வெள்ளைத் துணியில் அது டீக்கறை போல எட்டிப் பார்க்கும். நயமான உப்புத்தாளால் தேய்த்து, தூசி தட்டி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ப்ரைமர் மூன்று கோட் அடியுங்கள். முன்னால் மட்டும் அடித்தால் பலகை ஒரு பக்கமாகக் குழியும். பின்னாலும் அதே மூன்று கோட், நான்கு ஓரத்துக்கும் சேர்த்து. அடித்ததும் நான்கைந்து நாள் காற்றாட விடுங்கள். இந்த ஒன்றை எல்லோரும் அவசரப்பட்டுத் தாண்டுவார்கள்.

பசைக்கு வருவோம். ஃபெவிகால் ஒட்டுமா என்றால் ஒட்டும், ரொம்ப நன்றாகவே ஒட்டும், அதுதான் தயக்கம். மரத்தை மரத்தோடு சாகும்வரை பிடித்திருப்பதற்காகச் செய்த பசை அது. நாளைக்குப் பலகை கெட்டாலோ, உங்கள் மகள் பெரிய ஆளாகி யாராவது படத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டி வந்தாலோ துணி கிழியாமல் வராது. ஓவியப் பொருள் கடையில் அக்ரிலிக் ஜெல் மீடியம் என்று கேளுங்கள், பளபளக்காத மேட் வகை. காய்ந்தாலும் வளையும், மஞ்சளாகாது, படத்தில் இருக்கிற அதே சரக்கு. விலை கூடுதல்தான், இந்த அளவுக்குக் கால் லிட்டர் தாராளம்.

இன்னும் ஒரு படி பாதுகாப்பு வேண்டுமானால், பலகையில் முதலில் மல் துணி ஒன்றை ஒட்டிக் காயவிட்டு, அதன்மேல் படத்தை ஒட்டுங்கள். எடுக்க வேண்டிய நாளில் மல் துணி தன்னைப் பலி கொடுத்துப் படத்தைக் காப்பாற்றும். போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசை தண்ணீரில் இளகும், கழற்ற வசதி என்று சிலர் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் நம் ஊரில் கரப்பானுக்கும் பூஞ்சைக்கும் அது விருந்துச் சாப்பாடு. அதைத் தடுக்க மயில்துத்தம் போட்டால் தாமிரம் துணியையே மெல்ல அரித்துவிடும். சுவரில் ஒரு வாரம் நிற்கிற போஸ்டருக்குத் துத்தம் சரி.

நாள் பார்க்கவும் வேண்டும், பஞ்சாங்கத்துக்காக இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள், எதுவும் காயாது. கத்திரி வெயிலில் தடவி முடிப்பதற்குள் பசை ஏடு கட்டிவிடும். தை, மாசி நல்லது. காலை ஏழு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

முந்தின நாளே சுருளைப் பிரித்து, வண்ணம் மேலே இருக்கப் பரப்பி வையுங்கள். சுருட்டி வைப்பதென்றால் இனிமேல் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, பருமனான குழாயில் சுற்றி வையுங்கள். உள்பக்கமாகச் சுற்றினால்தான் வண்ணம் நசுங்குகிறது. மறுநாள் படத்தைத் திருப்பிப் போட வேண்டி வரும். அக்ரிலிக் சூட்டில் இளகி எதன்மேலும் ஒட்டும்; பபிள் ராப்பில் கவிழ்த்தால் வட்ட வட்டமாக அச்சு விழும். கேக் சுடுபவர்கள் தட்டில் விரிக்கிற சிலிக்கான் பேப்பரை விரித்து அதன்மேல் கவிழ்த்துங்கள். இப்போது துணியின் பின்பக்கத்தை உலர்ந்த பிரஷ்ஷால் நான்கு முறை துடைத்து, பிறகு உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு மணல், ஒரு நூல் முடிச்சு, ஒரு துருத்துணுக்கு கையில் தட்டுப்படும். எடுத்துவிடுங்கள். இப்போது கைக்கு மட்டும் தெரிகிறது. ஒட்டிய பிறகு முன்பக்கத்தில் அம்மைக் கொப்புளம் போல நிற்கும், விளக்கு போட்டால் அதுதான் முதலில் தெரியும்.

பலகையிலும் துணியின் முதுகிலும் ரோலரால் மெல்லிய ஒரே சீரான பூச்சு. தோசைக்கு எண்ணெய் தடவுகிற அளவு, குளமாக இல்லை. பலகை படத்தைவிடச் சுற்றிலும் ஒரு விரல் கடை சிறியதாக இருந்தால் நல்லது, மிச்சத் துணியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இருவர் வேண்டும். ஒருவர் துணியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் எதிர்முனையைப் பலகை ஓரத்தோடு சேர்த்துப் பதித்து, பாய் விரிப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வர வேண்டும். நடுவில் பேசிக்கொள்ளக் கூடாது என்று எங்கள் கடையில் சட்டம். இறக்கியதும் சிலிக்கான் பேப்பரை மேலே போட்டு, ரப்பர் ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள், சூரியக் கதிர் மாதிரி. ஓரத்திலிருந்து நடுவுக்கு உருட்டினால் காற்று போக வழியில்லாமல் நடுவில் சிறைப்படும். கொப்புளம் தெரிந்தால் அந்த ஓரத்தைத் தூக்கித் திரும்பப் போடலாம், ஐந்து நிமிஷம்வரை அவகாசம் உண்டு. ஊசியால் குத்தாதீர்கள். ஓரத்தில் பசை கசிந்து வண்ணத்தில் பட்டால் அப்போதே ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இனி எடை. சிலிக்கான் பேப்பர், அதன்மேல் மெத்தை போல ஒரு ஃபோம் ஷீட், அதன்மேல் இன்னொரு ப்ளைவுட், அதன்மேல்தான் மூட்டை. ஃபோம் இருந்தால் வண்ணத்தின் மேடு பள்ளம் நசுங்காது. பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு, சமமாகப் பரப்பி. ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் சுவரில் மாட்டிவிடாமல் இன்னும் ஒரு வாரம் படுக்கையில் விடுங்கள். பிறகு மிச்சத் துணியைப் புது பிளேடால் வெட்டலாம், அல்லது பின்பக்கம் மடித்து ஒட்டலாம். பின்னால் ஒன்றுக்கு ஒன்றரை இஞ்ச் ரீப்பர் கட்டையில் நான்கு பக்கச் சட்டமும் நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் வைத்துவிட்டால் 6 மில்லிமீட்டர் பலகை அசையாது. கொக்கி மாட்டவும் அந்தக் கட்டைதான் பிடிமானம்.

இத்தனைக்கும் முன்னால் பழைய கேன்வாஸ் துண்டு ஒன்றில் நான்கு கோடு அக்ரிலிக் இழுத்து, உள்ளங்கை அளவு ப்ளையில் ஒட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ஓரத்தைப் பிடித்து உரித்தால் பசையின் குணம் தெரிந்துவிடும்.

மாட்டுகிற சுவரைச் சொல்லாமல் விடக்கூடாது. கடலைப் பார்த்த சுவரில் உப்புப் பூத்து பெயின்ட் பொரிந்திருக்கும், அங்கே வேண்டாம். எந்தச் சுவரானாலும் பிரேமின் கீழ்மூலை இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டி, பின்னால் காற்று போக அரை இஞ்ச் இடம் விடுங்கள். வெள்ளம் வருகிற தெரு என்றால் உயரமாகவே மாட்டுங்கள், அழகு கொஞ்சம் குறைந்தாலும்.

மகள் தொடர்ந்து வரைகிறார் என்றால் அவருக்கு ஒன்று சொல்லுங்கள். அடுத்த படத்துக்குப் பலகைப் படக்காரர் வழியிலேயே போகலாம்: வெறும் காடாத்துணியைப் பலகையில் முதலில் ஒட்டி, காயவிட்டு, அதன்மேல் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கோட் பூசி, பிறகு வரையட்டும். மூட்டை எப்படி ஏற்றினாலும் நசுங்க அப்போது படமே இருக்காது. பிரேமுக்கு மட்டும் என்னிடம் கொண்டுவந்தால் போதும்.